குவான் சேயும் மேடேறாத காரும்

மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் குனோங் ராப்பாட்டில் எங்கள் வரிசையில் ஆறு கடைகள். முதல் கடை என்னுடைய டயர் கடை. அடுத்தது குவான் சேயின் கார் பட்டறை. முழுப் பெயர் ஃபூங் லாய் குவான். 'சே' என்றால் அக்கா. என்னைவிட நாலு வயது சின்னவர்தான். ஊரே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவர் என்னை 'ஆனே' என்பார், நம் 'அண்ணே'தான் அவர்கள் வாயில் அப்படி. ஈப்போ சீனர்களுக்குத் தமிழ் ஆம்பளை எல்லோரும் ஆனேதான். முப்பது வருஷம் இவர்களோடு குப்பை கொட்டியதில் அவர்கள் பேசுகிற கான்டனீஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அதனால் யார் என்ன பேசினார்கள் என்று நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் அவர் பட்டறை திறந்த அன்று, காப்பிக் கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். ஆறு மாசம் தாங்காது என்று பந்தயம்கூடக் கட்டினேன். தோற்றேன். அந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

குவான் சே பத்தொன்பது வயதில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டரில் போய் நின்றவர். இருபத்தெட்டு வருஷம் அங்கேயே நின்றார். எந்தக் காருக்கு எந்த பெல்ட், எந்த நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னவன் எவனும் பிளக்கத் தவிர வேற எதுவும் கேக்கல ஆனே" என்பார். தங்கை வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்.

அந்தக் கவுண்டரில் நின்றபடி அவர் பார்த்தது ஒரே காட்சியைத்தான். காலையில் ஒரு மெக்கானிக் வந்து பிளக் வாங்கிப் போவான். மத்தியானம் அவனே வந்து இக்னிஷன் காயில் வாங்குவான். சாயங்காலம் பெட்ரோல் பம்ப். மூன்றும் ஒரே காருக்கு. "அளந்து பாத்தீங்களா?" என்று இவர் கேட்டால், "நீ சாமான எடும்மா" என்று பதில் வரும். நன்றாக இருக்கிற சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசை மாட்டுவதற்குத் தானும் உடந்தை என்ற எண்ணம் அவரை அரித்திருக்கிறது. நாற்பத்து நாலு வயதில் சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்து, 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் பையன்கள் நடுவே உட்கார்ந்து மூன்று வருஷம் படித்தார். பிறகுதான் இந்தப் பட்டறை.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. கோளாறை அளந்து பிடிக்காமல் எதையும் மாற்ற மாட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கார்க்காரனுக்கு அவசரம். இவர் மீட்டரை மாட்டிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பொறுக்காது. எண்ணெய் மாற்றக் குவான் சே, பெரிய வேலைக்கு முச்சந்தியில் இருக்கிற பெரிய பட்டறை என்று ஜனங்கள் பிரித்துக்கொண்டார்கள். நாலு வருஷமும் பட்டறை இழுத்துப் பறித்துக்கொண்டுதான் ஓடியது.

இந்த வருஷம் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பழைய கடையின் முதலாளி மகன் யாப் போன் செய்தார். கவுண்டருக்கு மேனேஜராக வந்துவிடுங்கள், ஏசி அறை, பெருநாள் போனஸ் எல்லாம் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். குவான் சே அதை என்னிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை, காப்பிக் கடையில்.

"போயிடுங்க சே," என்றேன். "இந்த வெயில்ல காருக்கு அடியில படுத்துக் கெடக்கணும்னு என்ன தலையெழுத்து?"

அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த மெங் கோ காரு இருக்குல்ல," என்றார். "ரெண்டு தடவ சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு தடவயும் திரும்பி வந்துடுச்சு. நாளைக்கி மூணாவது தடவ வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள அதக் கண்டுபிடிச்சேன்னா நான் மெக்கானிக். இல்லன்னா கவுண்டர்தான் எனக்கு லாயக்கு. அவ்வளவுதான்."

மெங் கோ என்பது ஹோ வாய் மெங். 'கோ' என்றால் அண்ணன். அறுபத்திரண்டு வயது. மலைமேல் கம்போங் ராஜாவில் வீடு. ஒரு காலத்தில் கோசு, தக்காளி போட்டவர். இப்போது வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, டயாலிசிஸ் செய்துகொள்கிற மூன்று பேரை மலையிலிருந்து ஈப்போவுக்குக் கூட்டி வந்து, முடிந்ததும் திரும்ப ஏற்றிப் போவார். அதில் ஒருவர் அவருடைய சொந்தத் தங்கை சியூ ஃபா. காரோ வெள்ளைக்காரன் காலத்தது மாதிரி ஒரு பழைய ஜப்பான் கார். நாலு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அந்தக் காரின் நோய் விசித்திரமானது. பட்டறையில் நிற்கும்போது பூனை மாதிரி உறுமும். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிம்பாங் பூலாய் தாண்டி மலை ஏற ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆனதும் இழுவை போய்விடும். அறுபது ஐம்பதாகும், ஐம்பது முப்பதாகும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் மறுபடி ஓடும், மறுபடி படுக்கும். டயாலிசிஸ் முடித்தவர்களுக்கு உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இருக்காது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும். அவர்களை வைத்துக்கொண்டு மெங் கோ நாலு இடத்தில் நின்று நின்று, ஒன்றரை மணி நேர வழியை மூன்று மணி நேரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

இதில் இன்னொரு தொல்லை. மூன்று பேரும் மெஷினில் இருக்கிற நாலு மணி நேரம்தான் கார் குவான் சே கைக்குக் கிடைக்கும். முதல் தடவை அந்த அவசரத்தில் பழசாகிவிட்டது என்று பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார். இரண்டாம் தடவை பெட்ரோல் ஃபில்டர். அளக்காமல் மாற்றியது அவருக்கே பிடிக்கவில்லை. "நானும் அவனுங்க மாதிரியே செஞ்சிட்டேன் பாருங்க ஆனே" என்று என்னிடம் சொல்லி வெட்கப்பட்டார்.

திங்கள்கிழமை காலை மெங் கோ வந்து சாவியைக் கொடுத்தார். ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும்.

"பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டினேன் குவான்," என்றார். "இன்ஜின் செத்துப் போச்சாம். இரும்புக்குப் போட்டுடச் சொல்றாங்க."

"அளந்து பாத்துச் சொன்னாங்களா?"

"பாத்தாங்க... பாத்த மாதிரிதான்."

குவான் சே நோட்டைத் திறந்தார். "மெங் கோ, முதல்லேர்ந்து கேக்குறேன். எப்போ ஆரம்பிச்சது இது?"

"நவம்பர் கடைசி."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? எங்கயாவது தண்ணியில விட்டீங்களா? வேற எங்கயாவது பெட்ரோல் போட்டீங்களா? இடிச்சீங்களா? யாராச்சும் கழட்டினாங்களா?"

"ஒண்ணும் நடக்கல."

"தூரமா எங்கயாவது போனீங்களா?"

"எப்பவும் போற எடந்தான்," என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் அடுக்கியிருந்த பெருநாள் ஆரஞ்சுப் பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதே கேள்விகளைக் குவான் சே முந்தின இரண்டு தடவையும் கேட்டிருந்தார். இதே பதில்தான் வந்தது.

அன்று பூராவும் இன்ஜின் சோதனை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளந்தார். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

"என்ன சே, உயிர் இருக்கா இல்ல சங்கு ஊத வேண்டியதுதானா?"

"வயசான இன்ஜின்தான் ஆனே. ஆனா நாலும் ஒண்ணா வயசாயிருக்கு. இது சாகுற கேஸ் இல்ல." நோட்டில் நாலு எண்ணும் எழுதி டிக் போட்டார். பிளக்குக்கு நெருப்பு சரியாக வருகிறதா என்று அளந்து, கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்துவிட்டார். வழுக்கவில்லை. அதற்கும் ஒரு டிக்.

புதன்கிழமை காலை என் கடை வாசலில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆனே, நீங்க எத்தன கிலோ இருப்பீங்க?"

"எதுக்கு? கறிக்கா?"

"சொல்லுங்களேன்."

"தொண்ணூத்தி நாலு."

"அப்பாடா, ரெண்டு நோயாளி கணக்கு வந்துடுச்சு. கூட ரெண்டு அரிசி மூட்டை போட்டாப் போதும். வாங்க, மலைக்கிப் போறோம். பாரம் இல்லாம அந்தக் கார் உண்மையச் சொல்லாது."

இப்படித்தான் நான் அந்தக் காரின் பின் சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளோடு மூன்றாவது மூட்டையாக ஏற்றப்பட்டேன். மெங் கோ ஓட்டினார். குவான் சே முன்னால். பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரை வெளியே வைப்பருக்குக் கீழே கட்டியிருந்தார். புகைக்குழாயில் ஓர் ஓட்டை வழியாக இன்னொரு மீட்டர். சைலன்சர் அடைத்திருந்தால் அது சொல்லிவிடுமாம்.

சிம்பாங் பூலாய் கடந்து ஏற ஆரம்பித்ததும் நன்றாகத்தான் போனது. பதினாலாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது வினை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி கார் அடங்கியது. மெங் கோ காலை அழுத்தி மிதிக்கிறார், இன்ஜின் "ஊம்" என்று முனகுகிறதே தவிர நகர மாட்டேன் என்கிறது. காலி கோசுக் கூடைகளோடு ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்தவன் தலையை வெளியே நீட்டி, "எறங்கித் தள்ளு ஆனே!" என்று கத்தினான். எனக்கு மானம் போயிற்று.

அப்போது மெங் கோ வாய்க்குள் என்னவோ சொன்னார். பின் சீட்டில் இருந்த எனக்குக் காதில் விழுந்தது. "விடு... கொஞ்சம் விடு... மேடு ஏறணும்ல." காரோடு பேசுகிறார் என்று நினைத்தேன். பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் பேசுவார்கள்தான்.

மீட்டர் முள் இரண்டும் ஆடாமல் அசையாமல் நின்றன. பெட்ரோல் சரியாக வருகிறது. புகை சரியாகப் போகிறது. குவான் சே இரண்டு டிக் போட்டார். ஒவ்வொரு டிக்குக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. நேரம் ஆகிவிட்டதால் திரும்பினோம்.

பட்டறைக்கு வந்து மெங் கோ போனதும், குவான் சே கையைத் துடைத்துக்கொண்டே, "யாப்புக்கு இன்னிக்கே போன் போட்டுடலாமான்னு இருக்கு ஆனே," என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. போயிடுங்க என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னவன் நான்தான். ஆனாலும் கத்தினேன். "நான் கடையப் பூட்டிட்டு மூட்டையோட மூட்டையா வந்து உக்காந்தது எதுக்கு? லாரிக்காரன்கிட்ட பேச்சு வாங்கவா? வெள்ளிக்கிழமன்னு சொன்னீங்க. இன்னிக்கிப் புதன். சொன்ன வாக்கையாவது காப்பாத்துங்க!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி மூட்ட, வெள்ளிக்கிழம பாப்போம்," என்றார். எனக்கு மனசு லேசானது. அவர் போய்விடக் கூடாது என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை பூராவும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் நான் கோழிச்சோறு வாங்கிப் போனபோது நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. இன்ஜினுக்கு என்ன வேணும்? பெட்ரோல், நெருப்பு, காத்து, அமுக்கம். அப்புறம் புகை வெளிய போகணும். பெட்ரோல் அளந்தாச்சு. நெருப்பு அளந்தாச்சு. அமுக்கம், புகை, எல்லாம் அளந்தாச்சு. காத்துக்கு நேரா மட்டும் டிக் இருக்கு, எண் இல்ல."

"ஏன்?"

"புது ஃபில்டர் போட்டதால நானா டிக் போட்டுட்டேன். அளக்கவேயில்ல." பென்சிலால் அந்த டிக்கை அடித்துவிட்டார். "அடுத்தவன் இதச் செஞ்சா நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்!"

வெள்ளிக்கிழமை. பெருநாளுக்கு இரண்டு நாள். எங்கள் வரிசையில் எல்லாக் கடையிலும் சிவப்பு விளக்கு தொங்குகிறது. மறுபடி நான், மறுபடி மூட்டை, மறுபடி மலை. இந்தத் தடவை குவான் சே மடியில் ஒரே ஒரு மீட்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இன்ஜினுக்குள் போனது.

"இது என்ன காட்டும்?" என்று கேட்டேன்.

"இன்ஜின் எவ்வளவு கஷ்டப்பட்டுக் காத்த உறிஞ்சுதுன்னு. காலை முழுசா அமுக்கினா இன்ஜினோட வாசக்கதவு முழுசாத் தொறந்துடும். காத்து தாராளமா வரும், உறிஞ்ச வேண்டியதில்ல. முள்ளு பூஜ்யத்துக்கு எறங்கணும். எறங்காம நின்னா, கதவுக்கும் முன்னாடி எவனோ மறிச்சிக்கிட்டு நிக்கிறான்னு அர்த்தம்."

ஏற்றத்தில் மெங் கோ முழுசாக அழுத்தினார். முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. குவான் சே பெருமூச்சு விட்டார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. முள் அசையவில்லை. பதினாலாவது கிலோமீட்டர்க் கல்லைத் தாண்டினோம். கார் அடங்கியது. முள் மெல்ல எழுந்து நின்றது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் மெங் கோ பயந்து பிரேக்கை மிதித்தார்.

லாரிகள் ஒதுங்கி நிற்கிற ஓர் இடத்தில் ஓரங்கட்டினோம். குவான் சே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் புத்தம் புதுசாக இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை வெறுமனே மூடி, கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். முள் அப்போதும் எழுந்தது.

"பெட்டிக்கும் முன்னாடி இருக்கு," என்றார். அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. சக்கரத்தையும் உள் மூடியையும் கழற்றினால்தான் கை போகும். "ஆனே, உங்க வேல வந்துடுச்சு."

சக்கரம் கழற்ற எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? மூன்று நிமிஷம். உள் மூடிக்கு இன்னும் ஐந்து. குவான் சே மண்டி போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார். "ஏதோ இருக்கு... வழுக்குது..." பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

கையோடு வந்தது ஒரு கத்தைத் தாள். நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிய மஞ்சள் தாள்கள், நடுவில் வெள்ளி ரேக்கு. அதோடு நிறம் போன இரண்டு பெரிய நோட்டுகள். எந்தக் கடையிலும் செல்லாத நோட்டு. எமலோகத்து பேங்க் நோட்டு.

எங்கள் ஊரில் குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். சீனர்களின் சவ வண்டி போகும்போது பாலத்துக்குப் பாலம், சந்திக்குச் சந்தி இறைத்துக்கொண்டே போவார்கள். அந்த உலகத்து வழிப்பறிக்காரர்கள் செத்தவரை மறிக்காமல் விடுவதற்காகக் கொடுக்கிற வழிக்காசு. காற்றில் பறந்து நேராகப் பின்னால் வந்த காரின் மூக்குக்குள் போயிருக்கிறது. சும்மா ஓடும்போது குழாய்க்குள் படுத்துக் கிடக்கும். மேட்டில் இன்ஜின் பலமாக இழுத்தால் எழும்பிப் போய் வாயை அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் மறுபடி விழுந்துவிடும்.

குவான் சே தாளைப் பார்த்தார். பிறகு மெங் கோவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"யாரு மெங் கோ?"

"அம்மா."

"எப்போ?"

"நவம்பர் இருபத்தி மூணு. அண்ணன் சவ வண்டியில படத்தோட உக்காந்திருந்தான். நான் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு நேர் பின்னாடி வந்தேன். நல்ல மழ."

"மூணு தடவ கேட்டேனே!" குவான் சேயின் குரல் உடைந்தது. "என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு வாய் வலிக்கக் கேட்டேனே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே மூக்கத்தான் மொதல்ல பாத்திருப்பேன். நான் மெக்கானிக்கே இல்லன்னு முடிவு பண்ணி இன்னிக்கிக் கடைய மூட இருந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

மெங் கோ சீப்பை எடுத்தார், என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பப் பையில் வைத்தார். "எப்படிச் சொல்றது குவான்? சாவுக்குப் போன காரு. பெருநாள் வருது. நீங்க ஒத்த ஆளா நின்னு கடை நடத்துறீங்க, அந்தத் தீட்டக் கொண்டாந்து உங்க வாசல்ல எறக்குறதா? பெரிய ஒர்க்‌ஷாப்ல உண்மையச் சொன்னேன். கார உள்ளயே விடல. ரோட்லயே நிக்க வச்சு, ஹூடக்கூடத் தொறக்காம, இன்ஜின் செத்துப் போச்சு, கொண்டு போன்னுட்டாங்க."

இந்த இடத்தில் எனக்கு வந்த கெட்ட வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு அந்த மனுஷன் மறைத்திருக்கிறார்! அந்த நல்ல எண்ணம் இந்தப் பெண்ணின் பிழைப்பை முடித்திருக்கும்.

"அப்புறம்..." மெங் கோ தரையைப் பார்த்தபடி சொன்னார். "அம்மாதான் பின்னாடி சீட்ல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன். போக மனசில்லாம. எறக்கிவிடவும் எனக்கு மனசு வரல. கொஞ்சம் விடும்மா, மேடு ஏறிக்கிறேன்னு கேட்டுக்கிட்டே ஓட்டினேன்."

அம்மா உட்கார்ந்திருந்ததாக அவர் நினைத்த இடத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவன் நான். பின் கதவைத் திறந்து, மூட்டைகளை நகர்த்தி அந்த இடத்தைக் காலியாக்கி வைத்தேன்.

குவான் சே கண்ணைப் புறங்கையால் துடைத்தார். முகம் பூராவும் கரி. அந்தத் தாள்களைப் பிரித்து, தொடைமேல் வைத்து ஒவ்வொன்றாக நீவினார். "வழிக்காசு போய்ச் சேரலயே மெங் கோ," என்றார். "ரெண்டு மாசமா இங்கயே கெடக்கு. குப்பையில போடக் கூடாது. வாங்க, கடைக்கிப் போவோம்."

பட்டறை வாசலில், சிவப்பு விளக்குக்கு நேர் கீழே, ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்தார். மெங் கோ தயங்கினார். "இங்கயா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்..."

"இங்கதான். வாசல்ல."

மூன்று ஊதுபத்தி கொளுத்தினார்கள். மெங் கோ ஒவ்வொரு தாளாக டின்னில் போட்டார். காப்பிக் கடை அம்மா கையில் தட்டோடு ஓடி வந்து, "ஐயோ குவான், பெருநாளுக்கு ரெண்டு நாள் வச்சிக்கிட்டு, கடை வாசல்ல சாவுத்தாள எரிக்கிறியே! வருஷம் பூரா வெளங்குமா?" என்று கத்தினார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

"ஒரு அம்மாவுக்கு வழிச்செலவுக்கு அனுப்புறோம்," என்றார் குவான் சே. "இதுக்குப் போய் கடை வெளங்காதுன்னா, வெளங்க வேண்டாம்."

தாள் எரிந்துகொண்டிருக்கும்போதே யாப்பின் போன் வந்தது. குவான் சே என் முன்னால்தான் பேசினார். "பெரிய மனசு பண்ணிக் கேட்டீங்க, ரொம்ப நன்றி. ஆனா நான் வரல. இங்க எனக்கு வேல இருக்கு." போனை வைத்துவிட்டு டின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி வாங்கி வந்து கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், நாலு வருஷத்துக்கு முன்னால் சிரித்ததற்கு. "அதான் பந்தயத்துல தோத்தீங்கல்ல, போதும்," என்றார்.

சாயங்காலம் கம்போங் ராஜாவிலிருந்து சியூ ஃபா பேசினார். குவான் சே ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரலில் வழக்கமான களைப்பு இருந்தது, கூடவே ஒரு குதூகலம். "எங்கயும் நிக்கல. நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வீட்டு வாசல். ஈப்போல வாங்கின சோறு இன்னும் சூடா இருக்கு குவான்."

குவான் சேயின் கடை விளங்காது என்று வரிசையில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். பெருநாள் முடிந்து கடை திறந்த முதல் மூன்று நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்கு மீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நீளமான கறுப்பு வண்டி ஒன்று மெதுவாக வந்து எதிர் ஓரத்தில், கடைகளிலிருந்து தள்ளி நின்றது. சவ வண்டி. பக்கத்து ஊரில் சாவுக் காரியம் நடத்துகிற லோக் என்பவருடையது. அவரிடம் அந்த மாதிரி ஐந்து வண்டிகள் இருக்கின்றன. காப்பிக் கடை அம்மா அவசர அவசரமாகக் கதவைச் சாத்தினார். லோக் ரோட்டைக் கடந்து வந்தார், பட்டறைக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றே பேசினார்.

"நீங்கதானே சாவுக் கார் பாக்குறவங்க? மேட்ல இழுக்க மாட்டேங்குது. இருவது வருஷமா எங்க வண்டியெல்லாம் மரத்தடியிலதான் ரிப்பேர் பாக்குறோம், எவனும் கூரைக்கிக் கீழ விட மாட்டான். நீங்களும் இப்படி ரோட்டோரமா வந்து பாத்தாப் போதும். அடுத்த வாரத்துலேர்ந்து மத்த நாலையும் கொண்டாரேன்."

குவான் சே கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"மழை வருது," என்றார். "வண்டிய உள்ள விடுங்க."